கைப்பற்றிய பொருள்: பெண்குதிரை ஒன்று

மார்ச் 11, திங்கள்

மறுபடியும் அரசாங்கக் கடிதம். "கைப்பற்றப்பட்ட பொருள்: பழுப்பு நிறப் பெண்குதிரை ஒன்று. விடுவிக்கக் கோரிய மனு தள்ளுபடி." என் குதிரை மூராவுக்கு அவர்கள் தாளில் பெயர் கிடையாது.

நவம்பரில் தம்பி காவ்ரிலா அவள் முதுகில் சிகரெட் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு உக்ரேன் பக்கமிருந்து மலையிறங்கும்போது எல்லைக் காவலர்கள் மடக்கினார்கள். சிகரெட்டோடு குதிரையும் போயிற்று. அவனை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். குதிரைக்கு ஏது ஜாமீன்?

மேட்டு வயலுக்கு டிராக்டர் ஏறாது. எருவை நானே கூடையில் கட்டிச் சுமக்கிறேன். ஐம்பத்து நான்கு வயது. இடுப்பு கழன்றுவிடும்போல இருக்கிறது.

மார்ச் 12

காவ்ரிலா வந்து கதவைத் தட்டினான். திறக்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

சிகெட் நகரத்துக்குப் போய் வக்கீல் கொர்னேலியா அம்மாவைப் பார்த்தேன்.

"பலாகா, சட்டம் உங்ககிட்ட ஒண்ணுதான் கேக்குது. அவன் எதுக்குக் குதிரையைக் கொண்டுபோறான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா குதிரை அரசாங்கத்துக்கு. தெரியாதுன்னா உங்களுக்கு."

"தெரியாது."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கோர்ட்ல இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லணும்."

இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கே சொல்ல? தெரியும். கூரைக்குத் தகரம் போட்டுத் தருகிறேன் என்றான். சேணத்துக்கு அடியில் விரிக்கக் கம்பளியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 6, வியாழன்

மூராவை வைத்திருக்கும் பண்ணைக்குப் போனேன். காவலாளி சிமியோன் வேலிக்கு உள்ளே விடவில்லை. "கோவிச்சுக்காதீங்கம்மா, வழக்கு முடியிற வரைக்கும் சொந்தக்காரங்க தொடக் கூடாதாம்."

குளம்புகள் வளர்ந்து செருப்பு மாதிரி வளைந்து கிடக்கின்றன. ஏன் வெட்டவில்லை என்று கத்தினேன்.

"யாரு உத்தரவு குடுக்கிறது? மூணு தடவை எழுதிப் போட்டேன். பொருளோட நிலையை மாத்தக் கூடாதுன்னு பதில் வந்துச்சு."

பொருளாம்! ஏன்டா, அது நிக்கிற நிலையைக் கண்ணால பாத்தீங்களாடா?

ஜூலை 29, திங்கள்

விடியும்போது மேட்டில் அரிவாள் சத்தம். காவ்ரிலா. யாரும் கூப்பிடவில்லை. பாதிச் சரிவின் புல்லை அறுத்துப் போட்டிருந்தான். களியும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு கம்மிக்கா" என்றான்.

எட்டு மாதம் கழித்துப் பேசுகிற பேச்சு!

செப்டம்பர் 17, செவ்வாய்

விசாரணை. சிகரெட்டை மட்டும் ஒப்புக்கொண்டால் தண்டனையை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவனுடைய வக்கீல் சொல்லியிருந்தார். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவனுக்கும்.

எழுந்து நின்றான். கல்யாணத்துக்குப் போட்ட அதே கோட்டு.

"எங்க அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவ கோயிலுக்குப் போயிருந்தா. நான்தான் லாயத்துப் பூட்டை உடைச்சுக் குதிரையைத் திருடிட்டுப் போனேன்."

அவனுடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை.

நீதிபதி அம்மா என் பக்கம் திரும்பினார். லாயத்தில் பூட்டு இருந்ததா?

எங்கள் லாயத்துக்கு மரத் தாழ்ப்பாள்தான். எங்கள் ஊரில் யார் லாயத்தைப் பூட்டுகிறார்கள்?

"இருந்துச்சுங்க" என்றேன். சத்தமாகத்தான் வந்தது.

அக்டோபர் 2, புதன்

தீர்ப்பு. குதிரை எனக்கு. அவனுக்கு இரண்டரை வருடம் — பூட்டை உடைத்த திருட்டும் சேர்ந்ததால் நிறுத்திவைக்க வழியில்லையாம். கொர்னேலியா அம்மா கையைப் பிடித்துக் குலுக்கி, "ஜெயிச்சுட்டோம்" என்றார்.

எழுந்து சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது. காலும் இருந்தது. ஏன் எழவில்லை?

அக்டோபர் 9

மூரா வீட்டுக்கு வந்துவிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதை மடக்குகிறாள். சேணத்தைக் கண்டால் பின்வாங்கிச் சுவரில் மோதுகிறாள்.

அக்டோபர் 30

வண்டியின் ஏர்க்காலை உதைத்து உடைத்தாள். குளம்பு வெட்டுகிறவர் பார்த்துவிட்டு, முன்னங்கால் மூட்டு கோணிவிட்டது, இனி பாரம் இழுக்காது என்றார். விற்கச் சொன்னார். இறைச்சிக்காரனைத் தவிர யார் வாங்குவார்கள்? மாட்டேன். விறகு வண்டிக்கு இனி நான்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

சிறையில் காவ்ரிலாவைப் பார்த்தேன். இளைத்துவிட்டான். நான் உட்காருவதற்குள் கேட்டான்: "மூரா உன்னைப் பாத்ததும் கனைச்சாளா?"

"கனைச்சா."

"வண்டி இழுக்கிறாளா?"

"இழுக்காம? நேத்துகூட விறகு கொண்டு வந்தா."

"அப்பச் சரி" என்று சிரித்தான். ஒரு பல் இல்லை. எப்படிப் போயிற்று என்று கேட்கவில்லை. பிறகு என் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என்னக்கா, கயித்துத் தடம் மாதிரி?"

"ஒண்ணுமில்லடா" என்று தலைத்துணியை இழுத்து மூடிக்கொண்டேன்.