சந்தனம் பட்ட தகடு

அண்ணாச்சி, இந்த வாரம் ஆயுத பூசை வந்தது. என் பென்சிலுக்கும் நோட்டுக்கும் முதன்முறையாகச் சந்தனம் வைத்தேன். ஆமாம், எழுதப் படிக்கக் கற்றுவிட்டேன்! 'கதிர்' என்ற சொல்லை மூன்று தரம் அழித்து எழுதினேன். சிரிக்காதீர்கள். அந்தச் சந்தன வாசனைதான் என்னை உங்களுக்கு எழுத வைத்தது.

நான் உங்களிடம் வேலைக்கு வந்த வருடம், கல்லூரியில் பாடம் நடத்துவதற்கு விடுப்புப் போட்டுவிட்டு, சங்கரன்கோவில் வீட்டு மாடியில் நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருந்தீர்கள். வெளிநாட்டில் கதிர் பாய்ச்சி அனுப்பிய, மருந்து பூசிய கண்ணாடித் தகடுகள். தறியில் அறுந்த இழையைக் கண்டுபிடிக்கிற கண் என்று என்னைக் கூட்டி வந்தீர்கள். நுண்ணோக்கிக்குள் தெரியும் கட்டங்களின் மேல், கதிர் போன தடமாக ஒரு கோடு வரும். ஒரு புள்ளியில் மோதி இழை இழையாகப் பிரியும். அணுவின் கரு உடைகிறது என்பீர்கள். புற்றுக்கட்டியைச் சுட அனுப்பும் கதிர் உடைந்தால், துண்டுகள் எவ்வளவு தூரம் ஓடும்? அதுதான் உங்கள் கேள்வி.

ஒரு மாதம் தேடி, மூன்று துண்டாக உடைந்த ஒன்றைக் கண்டேன். "பூசை கழிச்சு அளப்போம்வே" என்றீர்கள்.

மறுநாள் ஆயுத பூசை; நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது நுண்ணோக்கிக்குப் பொட்டு வைத்தேன். பெரிய கருவி மூன்று துண்டு இருந்த அந்தத் தகடுதானே என்று, அதன் முகத்திலும் ஒன்று வைத்தேன்.

"ஏவே, என்ன காரியம் பண்ணிட்டீரு!"

"சாமிக்குத்தான் அண்ணாச்சி..."

"சாமிக்குன்னா சாமி நெத்தியில வையும்! தண்ணி பட்டா மருந்து உரிஞ்சு வந்திரும்வே."

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தீர்கள். "தறி போட்ட கை, நீரே தொடையும்" என்று என்னிடம் நீட்டினீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுத்தேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். கோடு இருந்தது. இரண்டு துண்டுகளும் முழுசாக இருந்தன. மூன்றாவதன் நுனி சந்தனத்தோடு உரிந்து போயிருந்தது.

"ஏழு கட்டம் ஓடுச்சு அண்ணாச்சி. நான் பார்த்தேம்லா, எழுதுங்க."

"ஏழா, எட்டா?"

"ஏழுதான்." மறுபடி குனிந்து தகட்டைப் பார்த்தேன். "எட்டாவும் இருக்கும்."

"இத நம்பி எங்கயோ ஒரு டாக்டர் ஒரு ஆளு உடம்புல கதிர விடுவாரு. கட்டியத் தாண்டிப் போயி நல்ல சதையச் சுட்டா, உம்ம ஞாபகமாவே பதில் சொல்லும்?"

என்னைப் போகச் சொல்லிவிடுவீர்கள் என்று நின்றேன். நீங்களோ நோட்டில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, "அடுத்த தகட்ட எடும்" என்றீர்கள்.

இந்த மடலை எழுத நான்கு நாளாயிற்று. ஒவ்வோர் எழுத்தும் கூடிவரும்போது உள்ளுக்குள் துள்ளுகிறது. ஓர் இடத்தில் மட்டும் பென்சில் நின்றுவிட்டது. நீங்கள் கண்மூடிய நாளில் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னீர்கள். எனக்குக் கேட்கவில்லை. "நல்லாயிருன்னு சொல்லியிருப்பாரு, அப்படியே எழுதும்" என்கிறாள் என் வீட்டுக்காரி. சொல்லியிருப்பீர்கள்தான். ஆனாலும் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன், அண்ணாச்சி.