எண்ணெய் வைக்காத ஐந்து நாள்

7.2.92 வெள்ளி
காலையில் பனி. மண்ணெண்ணெய் இல்லை, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பும் இல்லை.

மகள் பத்து மணிக்கே பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டாள். அழுகை. உச்சியில் நெல்லிக்காயளவு வழுக்கை. ரீச்சர் முழு வகுப்புக்கும் முன்னால் சொன்னாவாம்: "உது தொத்துற படை. டொக்டர் எழுதித் தாற துண்டு இல்லாமல் வராதை."

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லுகிற கதையா இது? வழுக்கை தொற்றுமென்றால் என் தலையால் உரும்பிராய் முழுக்க மொட்டையாகியிருக்கும்.

10.2 திங்கள்
டொக்டரிடம், சைக்கிளில். மனைவி நேற்றே பிள்ளையைத் தோய வார்த்து, எண்ணெய் வழிய வைத்து, இழுத்துப் பின்னிவிட்டாள். ஊத்தைத் தலையோடு டொக்டரிடம் போவதா? எனக்கும் அது சரியென்றே பட்டது. மடையன்.

டொக்டர் கேட்டவை: எப்போது தொடங்கியது, காய்ச்சல் வந்ததா, என்ன சாப்பாடு, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா. என் தலையைப் பார்த்தார்.

"இது கலியாணத்துக்குப் பிறகு வந்தது ஐயா."

சிரிக்கவில்லை. "எண்ணெய்க்குள்ளை ஒண்டும் தெரியேல்லை. அஞ்சு நாள் தோயாமல், எண்ணெய் வைக்காமல் கூட்டிக்கொண்டு வாங்கோ."

துண்டு இல்லை. இன்னும் ஐந்து நாள் பள்ளிக்கூடம் இல்லை. ஆத்திரத்தில் சைக்கிளை உதைத்தேன். கால் வீங்கிப்போச்சு.

14.2 வெள்ளி
மனைவி: "வெள்ளிக்கிழமையும் பொம்பிளைப் பிள்ளையை இப்பிடி விடுறதோ?"
"டொக்டரிட்டைப் போய்க் கேளும்."
குசினியில் சட்டிச் சத்தம். எனக்குத்தான்.

15.2 சனி
டொக்டர் பிள்ளையைச் சன்னலடியில் இருத்தி, பூதக்கண்ணாடியால் பார்த்தார். செதில் இல்லை, சிவப்பு இல்லை. வழுக்கையின் கரையில் கொஞ்ச மயிரை விரலிடுக்கில் பிடித்து இழுத்தார். ஒன்றும் வரவில்லை.

"படையில்லை. தொத்தாது. தானா விழுற மயிரெண்டால் இழுக்க வந்திருக்கும். இது ஒண்டு நீளம், ஒண்டு கட்டை. முறிஞ்சு கிடக்கு. கையாலை பிடுங்கினது."

யார் கை? ரத்தம் கொதித்தது. வகுப்புப் பெட்டைகளா? எழும்பியே விட்டேன்.

"இருங்கோ," என்றார். பிறகு அவளிடம் மெல்ல, "எப்ப பிள்ளை கை தலைக்குப் போறது?"

நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "குண்டு போட பொம்மர் சுத்தேக்கை. பங்கர்க் குழிக்குள்ளை."

துண்டு தந்தார். மருந்து எழுதப் பேனையை எடுத்தார், வைத்துவிட்டார். "ஏசாதேங்கோ. கையைப் பிடிச்சுக்கொண்டிருங்கோ."

வரும் வழியெல்லாம் யாரை ஏசுவதென்றே தெரியவில்லை.

16.2 ஞாயிறு
நாளைக்கு ரீச்சரிடம் சொல்ல:
1. தொற்றாது.
2. வகுப்புக்கு முன்னால் சொன்னதை வகுப்புக்கு முன்னாலேயே மாற்றிச் சொல்லவேண்டும்.
3. (எழுதியதை மனைவி வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன்.)

மத்தியானம் பொம்மர். சோற்றை விட்டுவிட்டு ஓடினோம். பங்கருக்குள் அவளின் வலக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இடக்கை தலைக்குப் போயிற்று.