நடுக்கட்டத்துப் படம்

அன்பு மகளுக்கு,

அப்பா என்று கூப்பிட ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்து, அவரும் சுவரில் மாட்டிய படமாக மட்டுமே இருக்கிறார் என்றால், அந்தக் குடும்பத்துக்குப் புதிதாக வருகிற மனிதரை அது என்னவென்று கூப்பிடும்? சில வாரமாக எனக்கு இதே யோசனைதான். பதில் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் எழுது. மற்றபடி நானும் அப்பாவும் நலம், அவருடைய முட்டிவலி மழை நாளில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும், ஃபோனில் நீ சொல்கிற "நல்லா இருக்கேம்மா"வை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கேள்வி உன் மாமாவைப் பற்றியது. நாளைக் காலையில் அவனுக்கும் நர்ஸுக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்து. இத்தனை வயது வரை பஸ்ஸையே கட்டிக்கொண்டு கிடந்த என் தம்பிக்கு ஒரு வழி பிறந்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம், அவள் அவனுடைய பஸ்ஸில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கதையை எல்லாம் ஃபோனிலேயே கேட்டுவிட்டாய். அவளுடைய மகளைத்தான் நீ பார்த்ததில்லை. ஆறு வயது, வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம், பெயருக்கு ஏற்ற நடத்தை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். உன் மாமாவை அவளுக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது, அவன் எது வாங்கி வந்தாலும் வாங்கிக்கொள்வாள், ஆனால் அவனைக் கூப்பிடவே மாட்டாள். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அம்மா, தண்ணி வேணும்னு அவர்கிட்ட சொல்லு" என்பாள். அங்கிள் என்று சொல்லச் சொன்னார்கள், முடியாது என்றுவிட்டாள். அவனுடைய வீட்டுக்குக் குடிபோகும் பேச்சை எடுத்ததும், "நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் எங்கப்பா படத்தோட இங்கயே இருந்துக்கறேன்" என்றாளாம். அன்றைக்கு உன் மாமா இங்கே வந்து தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அந்தப் புள்ளைய வீட்டை விட்டுக் கிளப்பறவன் மாதிரி ஆயிட்டேங்க்கா, அவ மனசார வரலன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம்" என்றான்.

போர்வை யோசனை அவனுடையதுதான். துணித் துண்டுகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துத் தைத்து உள்ளே பஞ்சு வைத்த ஒட்டுப்போர்வை ஒன்றை, பஸ்ஸில் ஒரு அம்மாள் மடியில் பார்த்திருக்கிறான், கட்டத்துக்கு ஒரு ஃபோட்டோ, துணியிலேயே அச்சடித்தது. "அந்த வீட்ல எதை எல்லாம் விட்டுட்டு வரணும்னு அழறாளோ அதை எல்லாம் துணியில அடிச்சுத் தெச்சுக் குடுத்துடலாம், உன்கிட்ட மெஷின் இருக்கு, அத்தான்கிட்ட பிரிண்டர் இருக்கு" என்றான். பிரிண்டர் துணியைத் தின்றுவிடும், மை தண்ணீரில் போய்விடும், குழந்தை வேண்டாம் என்றுவிடும் என்று நான் மூன்று காரணம் சொன்னேன். "வாயைக் கழுவு" என்றார் உன் அப்பா. முதல் இரண்டும் அப்படியே நடந்தன.

துணி தனியாகப் பிரிண்டருக்குள் நிற்காது, ஒரு பக்கம் வழவழப்பான பூச்சுள்ள தாளோடு சேர்த்து இஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும், அப்போதுதான் அது காகிதம்போல விறைப்பாக உள்ளே போகும். முதல் துணியில் ஒரு மூலை சரியாக ஒட்டவில்லை, பிரிண்டர் அதை இழுத்துச் சுருட்டி விழுங்கிவிட்டது. உன் அப்பா அதன் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் புருவம் திருத்தும் சாமணத்தால் நூல் நூலாக எடுத்தார், எடுத்தபடி அதைத் திட்டியதை எல்லாம் எழுத முடியாது. அடுத்தது ஒழுங்காக வந்தது. வாலுவின் எதிர்வீட்டுப் பூனை துணியில் படுத்திருந்ததைப் பார்த்ததும் உன் மாமா கைதட்டினான், நான் மட்டும் அதை எடுத்துப் போய், ஆய்வுக்கூடத்தில் தினமும் தண்ணீரைச் சோதிக்கிற என் வேலைப் புத்தியோடு வெந்நீரில் போட்டேன், பூனை ஒரு நீலக் கறையாகிவிட்டது. அப்புறம் தண்ணீரில் கரையாத நிறமி மை வாங்கி, கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியில், ஓர நூல்களை எல்லாம் கத்தரித்து, ஒவ்வொன்றாக விட்டு அடித்தோம். காயவைத்து, அலசி, சோப்பு போட்டுக் கசக்கியும் பார்த்தேன், நின்றது. நேர்மையாகச் சொன்னால், ஒவ்வொரு துணியும் தலை நீட்டும்போது நானும் பிரிண்டர் பக்கத்திலேயேதான் நின்றேன். வாலுவின் வீட்டு ஜன்னல், வாசல் குழாய், பூனை, பல் விழுந்த வாலு, தொட்டிலில் வாலு. நடுக்கட்டத்தில் அவளுடைய அப்பாவின் படம் வர வேண்டும் என்று உன் மாமா ஒற்றைக்காலில் நின்றான். புது வாழ்க்கை தொடங்குகிற இடத்தில் இது சரிப்படுமா என்று கேட்டேன். "அவர் இல்லாம அவ எப்படிக்கா வருவா, அவரையும் சேத்துத்தான் கூட்டிட்டு வரணும்" என்றான். உன் படம் எங்கே என்று அவனைக் கேட்டதற்கு, "அவளைக் கேக்காம நானே போய் உக்காந்துக்க முடியுமா?" என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை கட்டங்களை எல்லாம் இணைத்து மேஜைமேல் விரித்திருந்தபோது நர்ஸும் வாலுவும் சொல்லாமல் வந்து நின்றார்கள். மறைக்க நேரமில்லை. வாலு நாற்காலியில் ஏறி, பூனைக்கு ஒரு சிரிப்பு, குழாய்க்கு ஒரு சிரிப்பு என்று வந்தவள், நடுக்கட்டத்தில் விரலை வைத்து, "இது எங்கப்பா இல்ல" என்றாள். நர்ஸ் அதட்டினாள், வாலு இல்லவே இல்லை என்று சாதித்தாள், உன் மாமா துணியை மடிக்கத் தொடங்கினான், அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அவள் அழவும் இல்லை, அடம் பிடிக்கிற குரலும் இல்லை, அதனால் எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுவைத்தேன். "எங்கப்பா மச்சம் ஜன்னல் பக்கம் இருக்கும், இவருக்குக் கதவுப் பக்கம் இருக்கு" என்றாள். அவர்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படத்துக்கு ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் கதவு. நர்ஸ் தன் ஃபோனில் அசல் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். குழந்தை சொன்னதுதான் சரி. போன வருஷம் உன் அப்பா ஆபீஸ் டேபிள் டென்னிஸ் குழுவுக்கு டீ-ஷர்ட்டில் எழுத்து ஒட்டிக்கொடுத்தாரே, அதற்கு இடவலம் மாற்றித்தான் அச்சடிக்க வேண்டும், மனிதர் பிரிண்டரில் அந்த அமைப்பைத் திரும்ப மாற்றவே இல்லை, எல்லாப் படமும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி வந்திருக்கிறது. வாலுவின் அப்பாவை நேரில் பார்க்காத எங்களுக்கு எது எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? "கட்டிக்கிட்ட எனக்கே தெரியல, நல்லா இருக்கு நான் குடும்பம் நடத்தின லட்சணம்" என்று நர்ஸ் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். உன் மாமாவுக்குத்தான் சிரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நடுப்படத்தை மட்டும் சரியாக அடித்து மாற்றுவது என்று முடிவானதும், பழைய தையலைப் பிரிக்கிற வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஸ்டியரிங் பிடிக்கிற கை, நூலை அறுக்கிற அந்தச் சின்ன முள்கருவியை வைத்துக்கொண்டு திணறியது. வாலு பக்கத்து நாற்காலியில் மண்டியிட்டு அறுந்த நூலைப் பொறுக்கினாள், முதலில் "அம்மா, அவரை மெதுவா பிரிக்கச் சொல்லு" என்றவள், கொஞ்ச நேரத்தில் "அங்க ஒண்ணு விட்டுட்டீங்க, கண்ணு தெரியலயா?" என்று நேராகவே அதட்டினாள். நேராகத்தான், ஆனாலும் கூப்பிடவில்லை. மற்றப் படங்களையும் மாற்றி அடிக்கலாம் என்றால் அதற்குச் சம்மதிக்கவில்லை, கண்ணாடியில் தான் அப்படித்தான் இருக்கிறாளாம், பூனைக்கு எந்தப் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லையாம்.

இப்போது போர்வை முழுதாக முடிந்துவிட்டது, பின்பக்க லேபிள் மட்டும்தான் பாக்கி. யாருக்கு, தைத்தது யார், கொடுப்பது யார் என்று துணியில் அச்சடித்துப் பின்னால் தைக்க வேண்டும். கொடுப்பவர் இடத்தில் அப்பா என்று போடு, போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் உன் அப்பா. போகப் போக எதுவும் தானாகச் சரியாகி நான் பார்த்ததில்லை. உன் மாமா எதையும் போட விடவில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்து, தேவைப்பட்டால் பிரித்துவிடலாம் என்று பெரிய தையலாக ஓட்டி வைத்திருக்கிறேன்.

நீ வராத குறை எல்லோருக்கும் இருக்கிறது, உன் மாமா வாய்விட்டே சொன்னான். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே, இது மூன்றாவது முறையாக எழுதுகிறேன். குளியலறைக் கண்ணாடியில் எடுக்காத ஃபோட்டோ ஒன்று அனுப்பு, இனிமேல் திரும்பிய முகத்தை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. உடம்பும் மனசும் தெம்பாக, நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா

மறுநாள் மாலை. உறையை இன்னும் ஒட்டவில்லை, அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கையெழுத்து முடிந்து எல்லோரும் உன் மாமா வீட்டுக்குப் போனோம். வாலு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, போர்வையைத் தானே தூக்குவேன் என்று படி முழுக்க இழுத்துக்கொண்டு ஏறினாள். கட்டிலில் விரித்து, செருப்போடு ஏறிப் படுத்துப் பார்த்து, புரட்டி, லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இங்கே ஏன் ஒன்றும் இல்லை என்று உன் மாமாவையே கேட்டாள். "அங்க என்னை எழுதணும், நீ என்ன சொல்றியோ அதைப் போடலாம்னு விட்டு வெச்சிருக்கோம்" என்றான். அவள் யோசித்தாள். "நீங்க இங்கதானே இருக்கப் போறீங்க?" ஆமாம் என்றான். "தினமுமா?" பஸ்ஸை விட்டதும் நேராக இங்கேதான், தினமும் என்றான். "அப்புறம் எதுக்கு எழுதணும்?" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு காலையும் அவன் பக்கம் நீட்டினாள். அவன் கீழே உட்கார்ந்து கழற்றினான். நான் லேபிளின் நான்கு ஓரத்தையும் நெருக்கமாகத் தைத்து நூலை அறுத்தேன், அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.