ரோஜா போட்ட தேத்தண்ணி

தம்பின்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ரதிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மன் துணையிருப்பாள். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று இப்போதுதான் மனதார எழுத முடிகிறது, மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். போனில் சொல்லலாம் என்றால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன், கோபப்படாமல் படி.

அப்பாவுக்கு இனிப்புநீர் வியாதி ஏறி, வலது கால் சுண்டுவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று கிளினிக் டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சோற்றைக் குறைத்தார், பலகாரத்தை விட்டார், தேத்தண்ணியை மட்டும் விடவில்லை. உனக்குத்தான் தெரியுமே, தோட்டத்து லாரி ஓட்டிய முப்பது வருஷமும் இனிப்பான டின் பாலைக் கெட்டியாக ஊற்றி ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ். நான் டின்னை ஒளித்து வைத்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் குடித்துவிட்டு, மீசையில் நுரையோடு வந்து காத்து வாங்கப் போனேன் என்பார். பாலும் சீனியும் இல்லாமல் போட்டுக் கொடுத்தால் கிளாஸைத் தொடமாட்டார். நம் தோட்டத்தில் எழவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தானே பாலில்லாத தேத்தண்ணி கொடுப்பது, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்லா, எனக்கு எதுக்கு எழவு வீட்டுத் தண்ணி என்று ஒரே சத்தம். நீ அனுப்பிய விலை உயர்ந்த தேயிலையும் பாலில்லாமல் அவரிடம் எடுபடவில்லை, டின் அழகாக இருக்கிறது என்று கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அப்படியிருக்கும்போது பசாரில் ஊதுபத்தி வாங்கப் போன இடத்தில் சீனக்கார அம்மா ஒரு டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். கறுப்புத் தேயிலை, நடுநடுவே காய்ந்த ரோஜா இதழ், ஒரு பாக்கெட் ஆறு ரிங்கிட்தான். வீட்டுக்கு வந்து வழக்கம்போலச் சட்டியில் போட்டுக் கொதிக்க விட்டேன், வாசமெல்லாம் அடுப்படியில் பரவிவிட்டது, கிளாஸில் கசப்புதான் மிஞ்சியது. மறுவாரம் போய்ச் சண்டை பிடித்தால் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறார். கொதிக்க விடவே கூடாதாம், சுடுதண்ணீரை ஊற்றி மூடி, மூன்று நிமிஷம் சும்மா இருக்க வேண்டுமாம். அப்படிப் போட்டேன் ரதி, என்ன சொல்வேன். கிளாஸின் அடி தெரிகிற தெளிவில் நல்ல செம்பழுப்பு நிறம். நாக்குக்கு முன்னால் மூக்கு குடித்துவிடுகிறது. அப்புறம் தொண்டையில் லேசாகத் துவர்க்கிறது, விழுங்கிய பிறகு, சீனியே போடாத தண்ணியில் ஒரு இனிப்பு மெதுவாக வருகிறது. ஆறு ரிங்கிட் தேயிலைக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனமா என்று அசந்துபோனேன்.

ஆசையாகக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணியும் எழவு வீட்டுத் தண்ணி, வாசமும் பொணத்து மால வாசம், என்னை அனுப்பியே வைக்கப் போறியா என்றார். எனக்கு வந்ததே கோபம். நீங்க எனக்குத் தாலி கட்டின அன்னைக்கும் ரோஜா மாலதானே, அன்னைக்கு எந்த வாசம் அடிச்சுச்சு என்று கேட்டுவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்து நானே குடித்தேன். விரல் போய்விடுமோ என்ற பயத்தில் அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே குடித்தேன். பாதி குடித்திருப்பேன், மனுஷர் என் கையிலிருந்து கிளாஸை வாங்கி மிச்சத்தைக் குடித்தார். குடித்துவிட்டு, இன்னும் இருக்கா என்று கேட்டார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் இதுதான். போன மாதம் அவரோடு லாரி ஓட்டிய புவனேஸ்வரன் அண்ணன் தவறிவிட்டார், பாவம். அங்கே கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மோட்டாரில் திரும்பி வரும்போது அப்பா, அது எழவு வீட்டுத் தண்ணி, நம்ம வீட்டுல போடுறது கல்யாண வீட்டுத் தண்ணி என்றாரே பார்க்கலாம். வியாழக்கிழமை கிளினிக்கில் காலில் கட்டை அவிழ்த்த நர்ஸ் மிஸ்ஸி, புண் மூடிவிட்டது, விரலுக்கு இனி பயமில்லை என்றாள். மருந்தும் வேலை செய்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அவரை டின் பாலை விட வைத்தது இந்த ரோஜாதான். வீட்டுக்கு வந்து அவர் காலைக் கழுவித் துடைக்கும்போது ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினேன். நீ பிறந்ததும் மிஸ்ஸி உன்னைக் கையில் கொடுத்தபோது இப்படித்தான் எண்ணினேன். எத்தனை இருக்கு என்று அப்பா கேலி செய்தார், நான் சுண்டுவிரலிலிருந்து மறுபடியும் எண்ணினேன்.

பார்சலில் இரண்டு பாக்கெட் வைத்திருக்கிறேன், கொதிக்க விட்டுவிடாதே. போனில் காலைப் பற்றிக் கேட்காதே, நான் எழுதியது தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இன்றைக்கு என்ன தேத்தண்ணி குடித்தீர்கள் என்று மட்டும் கேள், மற்றதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். என்றைக்காவது சண்டை போட்டால் ஒரே கிளாஸில் பாதி பாதி குடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பஞ்சாலை அர்ச்சுனன்