கம்பவுண்டர்தான் கொலைகாரன்

என் அக்காள் பெற்ற மகாராணிக்கு, ராயபுரம் கடற்கரையின் சக்கரவர்த்தி எழுதுவது.

வாரப் பத்திரிகையில் நீ இங்கே இருந்தபோது நாம் படிக்க ஆரம்பித்த துப்பறியும் தொடர்கதை நேற்று முடிந்தது. வழக்கம்போல் நான்தான் வலை காயும் இடத்தில் உரக்கப் படித்தேன். ஏழாயிரம் பேர் கூடினார்கள். கடல்கூட அலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. கொலைகாரன் கம்பவுண்டர் என்றதும் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள்.

நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து எட்டு மாதமாக உன் பேச்சையே எடுக்காத உன் நைனா மட்டும், வலையைத் தைத்தபடியே, "இதுல இன்னா மச்சான் அதிசயம்? எம் பொண்ணு மொத வாரமே சொல்ச்சே!" என்றார்.

அதற்குப் பிறகு கொலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

"புக்குல மீன் நாத்தம் படாம வையி. அது வந்தா கேக்கும்" என்று உன் நைனாவே என்னிடம் சொன்னார்.

வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பும் வழக்கம் நம் அரண்மனையில் கிடையாது. இருவருமாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் மாமன்