டேப்பில் அகப்பட்ட சத்தார் பாய்

அன்பு மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவுடைய முட்டிவலி மட்டும் கிருபைக்கு அடங்கவில்லை. போலந்துக் குளிரில் நீ சுகமாய் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், காதை மூடுகிற குல்லாவை நீதான் போட்டுக்கொள்ளவேண்டும், அதையும் ஆண்டவரே செய்யமாட்டார். இந்தக் கதையைப் போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி மறுத்துப் பேசுவார், அதனால்தான் கடிதம்.

வானொலிக்காரர்கள் தங்களிடம் இருந்த பழைய பேட்டி, மேடைப்பேச்சு, மாவட்டச் செய்தி எல்லாவற்றையும் இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். பக்கத்து வீட்டு சத்தார் பாய்க்கு அவர் மகள் உமைமா அதைக் காட்டியதிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. நீ பிறப்பதற்கு முன்னால் ஆம்பூரில் தோல் கம்பெனிக் கழிவால் தண்ணீர் கெட்டுப்போனது பற்றி ஒரு கூட்டம் நடந்தது, யாரோ ஒரு அதிகாரி மைக்கைப் பிடித்துக் கிணற்றுத் தண்ணீரில் குறையே இல்லை என்று பேசினார், உடனே கூட்டத்திலிருந்து ஒருத்தர், "அப்டின்னா ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போ சார்!" என்று கத்தினார். அந்தக் கத்தல் அப்படியே டேப்பில் இருக்கிறது. கத்தியது தான்தான் என்று பாய் தெருவெல்லாம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் எல்லோரையும் கூட்டிப் போனை ஸ்பீக்கரில் போட்டார். அப்பா முன் பெஞ்சில். நான் பால் வாங்குகிற சாக்கில் ஓரமாக நின்றேன். கத்தல் வந்ததும் ஒரே கைதட்டல். பாய் வீட்டில் அதுவரைக்கும்தான் கேட்டிருக்கிறார், மேலே கேட்கப் பொறுமை இல்லை, அன்றைக்கு என்ன சொன்னோம் என்பதும் மறந்துபோயிருக்கிறது. டேப் பாட்டுக்கு ஓடியது. செய்தியாளர் பேர் கேட்கிறார், பாயின் குரல் இறங்கி, "எம் பேரு தானியேலுங்க" என்கிறது. டீக்கடையே உன் அப்பா தானியேலைத் திரும்பிப் பார்த்தது.

விஷயம் புரிகிறதா? அந்தச் செய்தி அன்று மாலையே ரேடியோவில் வந்து, அப்பா வேலை பார்த்த தோல் கம்பெனி மேனேஜர் காதில் விழுந்து, அவரை மெஷினிலிருந்து எடுத்துத் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குத் தள்ளினார்கள். அந்தக் கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர். நம் வீட்டில் அப்போது ரேடியோ ஏது? கம்பெனி ஆபீசில் இருந்த என் தம்பி எபினேசர்தான் கோள்மூட்டினான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். குடியாத்தம் மாமா ஏன் வருவதில்லை என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாயே, அதற்கு இதுதான் பதில்.

அப்பா எழுந்து, "ஏன்யா பாய், ஒலகத்துல வேற பேரே கெடைக்கலியா?" என்றார். பாய், "பயத்துல வாயில வந்துடுச்சி தோஸ்த், நீதான் பக்கத்துல நின்னுட்டிருந்த. ரேடியோல போடுவாங்கன்னு நான் இன்னாத்த கண்டேன்" என்றார். அப்பா மிச்ச டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "டேப்புல எம் பேருதான் கீது, அதனால கத்துனது நான்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இப்போது பாய், அது தன் குரல்தான் என்று வானொலிக்கு எழுதிப் போட அப்பாவைச் சாட்சிக்குக் கெஞ்சுகிறார், பிரியாணியாக வந்துகொண்டிருக்கிறது. அப்பா தின்றுவிட்டு, "யோசிக்கிறேன்" என்கிறார்.

நான் விடுவேனா? என் தம்பிக்கு என்ன பதில் என்று கேட்டேன். உடனே முட்டிவலி என்று படுத்துவிட்டார். வலி விட்டதும் குடியாத்தம் பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் உதடு அசைந்தது, ஒத்திகை. எபினேசர் கதவைத் திறந்ததும் அத்தனையும் மறந்து, "மச்சான், சோறு ஆயிடுச்சா?" என்றார். அவன், "வாங்க மாமா" என்று கையைப் பிடித்தான், பிடித்தவன் விடவே இல்லை. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நான் அடுப்பில் இருந்த குழம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, என் தம்பி வீட்டில் உப்பு ஜாஸ்தி என்கிறார் அப்பா.

போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னோடு இருந்து காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. மாமாவிடம் மறக்காமல் பேசு. நம்பரை அப்பாவிடமே கேள், "மச்சான்" என்று அவர் செல்லில் இருக்கிறது, இத்தனை வருஷமாக ஒவ்வொரு புதுப் போனுக்கும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். நான் பார்த்தேன் என்று சொல்லிவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா எஸ்தர்