இடப்பக்கம் வளையற குண்டு

1960 நவம்பர் 2, புதன்

விடியலேந்து தூறல். கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி நாலு, சாமந்தி ரெண்டு முழம். காத்துல வத்தி நிக்கல, ஈர மண்ணக் குவிச்சி மறைப்பு கட்டினேன். வீட்டுக்காரரு போயி மூணு மாசம். சிலுவையில பேரு எழுதின கருப்பு பெயிண்டு அதுக்குள்ள உரியுது.

அழுக வரல. ஜனங்க பாக்கறாங்களேன்னு முந்தானைய கண்ணுல வெச்சிக்கினேன்.

ராயப்பண்ணன் வந்தாரு. அவரோட சைகோன்ல பிரெஞ்சு பட்டாளத்துல சொல்தாவா இருந்தவரு. திரும்பி வந்தப்புறம் குண்டாட்டத்துல அவருக்கு ஜோடி. தொப்பிய கையில புடிச்சிக்கினு பேசினாரு.

"தங்கச்சி, அடுத்தது இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு அவன் பேருல ஆட்டம் வெச்சிருக்கோம். அவன் இரும்பு குண்டு மூணையும் குடு. அதாலதான் நானு ஆடணும்."

"வந்து எடுத்துக்குங்கண்ணே."

"கடைசி குண்டு போடுவான் பாரு. எவன் குண்டாவது வழிய மறிச்சிக்கினு இருக்கும். அவனோடது அதச் சுத்தி எடப்பக்கம் வளைஞ்சி, குட்டிகிட்ட போயி ஒக்காரும். அந்தக் கை யாருக்கு வரும். நானு இத்தன வருசமும் ரெண்டாவது கைதான்."

குட்டின்னா மொதல்ல தூக்கிப் போடற அந்தச் சின்ன மரக் குண்டு. யாருது அதுக்கு கிட்ட நிக்குதோ அவங்க ஜெயிச்சாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். ஒரு நாளும் ஆட்டம் பாக்கப் போனதில்ல.

நவம்பர் 3, வியாழன்

மழ விட்டுது. குண்டு எல்லாத்தையும் வெளிய எடுத்து, தொடச்சிக் குடுக்கலாம்னு. கல்யாணம் ஆனதிலேந்து தொட விட்டதில்ல. கையில எண்ணெ இருக்கும், வழுக்கும்னு சொல்லுவாரு.

பித்தளைக்கு புளி. இரும்புக்கு மண்ணெண்ண.

ஒண்ணு கையிலேந்து நழுவி துணி தொவைக்கிற கல்லு வரைக்கும் ஓடிச்சி. இன்னொண்ணு அதே தூரம் ஓடுமான்னு பாத்தேன். அப்புறம் எல்லாத்தையும் பாத்தேன். அடுப்பு அணஞ்சி போச்சி, அதுகூடத் தெரியல.

மரக் குண்டு (மாமனாருது, சுத்தி ஆணி அடிச்சது) - கடகடன்னு சத்தம்தான். பாதியில நின்னுடுது. ஆணி சந்துல மண்ணு அடைச்சிக்கிது.
பித்தள - கனம். பொத்துன்னு உழுந்தா உழுந்த எடம்தான். சோம்பேறி.
இரும்பு - தரையில பட்டதும் துள்ளி ஓடுது. ஈர மண்ணுல கொஞ்சம் அடங்குது, காஞ்ச எடத்துல புடிக்க முடியல.

பக்கத்து வீட்டு அமலு மதில் மேல தலைய வெச்சி, "என்னா தெரேசக்கா, தேங்கா உருட்டறீங்க?"

"எலிக்கு."

"இந்த ஊர்ல எந்த எலியும் இனிமே தப்பாது."

வெள்ளப் பொடவைய முழங்காலு வரைக்கும் சொருவி இருந்தேன். அப்படியே கீழ ஒக்காந்துட்டேன். மூணு மாசத்துப் பொணம் மண்ணுல, நானு கொல்லையில வெளையாட்டு. தெரு முழுக்க சொல்லி இருப்பா.

நவம்பர் 5, சனி

நல்ல வெயிலு. தர கெட்டி. மறுபடியும் எடுத்தேன். எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கினேதான் எடுத்தேன்.

இரும்பு குண்டுல அவரு ஆணியால கீறி அடையாளம் போட்டிருக்காரு. ஒரு கீறல், ரெண்டு கீறல், மூணு கீறல். செங்கல்லு ஒண்ண நடுவுல வெச்சி மூணு கீறல் குண்ட உட்டேன். நேராப் போச்சி, வேகம் கொறைஞ்சதும் மெதுவா எடப்பக்கம் திரும்பி, செங்கல்ல தொடாம, அந்தாண்ட போயி நின்னுது.

ராயப்பண்ணன் சொன்னது இதான். அந்தக் கை எனக்கு வந்துடுச்சின்னு நெனச்சேன். கெணத்தடியில நின்னு அழுதேன். அவரு போனதிலேந்து இன்னிக்குத்தான் சரியா அழுதது.

நவம்பர் 6, ஞாயிறு

பூசையில மனசு நிக்கல. சாமியார் பேசறாரு, நானு கோயில் தர எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துக்கினு இருக்கேன். அவரு ஆத்துமாவுக்கு சொன்ன ஜெபத்துல பாதி வுட்டுப் போச்சி. நன்மை அப்பம் வாங்க எழுந்து போகல.

மத்தியானம் ஒரு கீறல், ரெண்டு கீறல் ரெண்டையும் அதே மாதிரி உட்டேன். நேரா செங்கல்லு மேலதான் மோதுது. எத்தன தடவ உட்டாலும் நேருதான். மூணாவது மட்டும் வளையுது. ஒக்காந்துக்கினு உட்டாலும் வளையுது. கண்ண மூடிக்கினு உட்டாலும்.

கூடத்து சிமெண்டு தரையில வெச்சேன். மத்தது ரெண்டும் வெச்ச மாதிரி நிக்குது. மூணாவது தானா பொரண்டு, எப்பவும் ஒரே பக்கத்த அடியில வெச்சிக்கிது. அந்தப் பக்கத்த சாம்பல் போட்டுத் தேச்சேன். ஒரு புள்ளி. மிளகு அளவு. ஓட்ட போட்டு ஈயம் ஊத்தி அடைச்சி, மேல அரத்தால ராவி இருக்கு.

கொல்லையில அவரு ஈயம் காச்சினத நானே பாத்திருக்கேன். வாளி ஓட்டய அடைக்கன்னு சொன்னாரு. ஓட்டையான வாளி எங்க வீட்டுல எது?

கையில இல்ல. குண்டுல.

ஊரே மெச்சிச்சி. ராயப்பண்ணன் மெச்சினாரு. நேத்து அதுக்குப் போயி அழுதேனே.

நவம்பர் 8, செவ்வாய்

மழ. பருப்பு தீந்துது. ராயப்பண்ணன் பை எடுத்துக்கினு வந்தாரு.

அவரு வெரல்ல வெச்சி ஒரு தடவ உருட்டினா போதும், தெரிஞ்சிடும். நானே கண்டுபுடிச்சேன், அவருக்குத் தெரியாதா. வாயில வந்தத சொன்னேன். "ஒண்ணு காணோம்ணே."

"எது?"

"மூணு கீறல்."

மொகம் செத்துப் போச்சி. "அவன் கடைசியா போடறது அதாச்சே. செத்த அன்னிக்கி சாயங்காலம்கூட ஆடினான். மண்டு மாதிரி நாங்க மைதானத்துல எங்கனா உட்டுட்டோம். உன் மேல தப்பு இல்ல தங்கச்சி. நானு தேடறேன். மூணையும் சேத்தே வாங்கிக்கறேன்."

குண்டு அரிசிப் பானையில. ரெண்டு அடி தள்ளி ஒக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போனாரு. மெர்சின்னு நன்றி வேற சொன்னாரு.

நவம்பர் 10, வியாழன்

நிக்காத மழ. அமலு சொன்னா: "ராயப்பன் மாமா கொடக் காம்ப வெச்சி மைதானத்து ஓரம் காவாய குத்திக்கினு இருக்குது. முழங்காலு வரைக்கும் தண்ணி. என்னா தேடுது, தங்கமா?"

தெரியாதுன்னு சொன்னேன். எத்தனாவது பொய். போயி நிறுத்தலாம்னு கதவு வரைக்கும் போனேன். என்னான்னு சொல்றது? உங்க ஜோடி இத்தன வருசம் எல்லாரையும் ஏமாத்தினாரு, உங்களையும் சேத்துன்னு?

திரும்பி வந்து அடுப்ப ஊதினேன்.

நவம்பர் 12, சனி

வெயிலு. துணி காஞ்சிது. ராயப்பண்ணன் வந்தாரு. மூக்கு செவந்து போயி, கம்பளி சுத்திக்கினு. பையிலேந்து குண்டு எடுத்து மேச மேல வெச்சாரு.

"காவாயில கெடச்சிது தங்கச்சி. கவலய வுடு."

தூக்கிப் பாத்தேன். மூணு கீறல் இருக்கு. கீறலுக்குள்ள பளபளங்குது. புதுசு.

"நல்லாப் பாரு, அவனோடதுதானே?"

"ஆமாண்ணே."

அவரு போனதும் கொல்லையில உட்டேன். நேராப் போயி நேரா நின்னுது. சைகோன்ல ரெண்டு பேரும் ஒரே கடையில ஒரே மாதிரி வாங்கினாங்க. ராயப்பண்ணன் செட்டுல இப்போ ரெண்டுதான் இருக்கும்.

எனக்காக ஒரு பொய் சொல்லிட்டுப் போறாரு. அது காய்ச்சலோட எழுந்து வந்து சொன்ன பொய். என்னுது அடுப்புக்கு முன்னாடி ஒக்காந்து சொன்னது. ரெண்டும் ஒண்ணு இல்ல.

நவம்பர் 13, ஞாயிறு

மூணு குண்டையும் (ரெண்டு அவரோடது, ஒண்ணு ராயப்பண்ணனோடது) பையில போட்டு பூசைக்கு அப்புறம் குடுத்தேன். ஆட்டத்த பாக்கணும்னு நிறுத்திட்டாங்க. நாற்காலி ஒண்ணுல அவரு படம், மால. பக்கத்து நாற்காலி எனக்கு. பொம்பள வேற யாரும் இல்ல. தல நிமிரல.

ராயப்பண்ணன் மொத ரெண்டு குண்ட நல்லாப் போட்டாரு. ரெண்டும் குட்டிக்கு ஒரு சாண் கிட்ட. எதிராளி வழிய மறிச்சி, அதவிட கிட்ட ஒண்ணக் கொண்டாந்து வெச்சான். எல்லாரும் "வளை, வளை"ன்னாங்க. மூணாவத முத்தம் குடுத்துட்டுப் போட்டாரு. நேராப் போயி எதிராளி குண்டு மேல மோதி, அதத் தள்ளி இன்னும் குட்டிகிட்ட வுட்டுது. தோத்தாச்சி.

ராயப்பண்ணன் படத்தப் பாத்து தொப்பியக் கழட்டினாரு. "பாத்தீங்களா. குண்டு அவனோடது. கை என்னுது. எப்பிடி வரும்?"

எல்லாரும் தொப்பியக் கழட்டினாங்க.

பக்கத்துல வந்து ஒக்காந்தாரு. இருமல். என்னால சும்மா இருக்க முடியல. "அண்ணே, உங்க கைதான் நல்ல கை. சத்தியமா சொல்றேன். அவரோடத வுட உங்களோடதுதான்."

அவரு சிரிச்சாரு. "கேட்டீங்களாடா, தங்கச்சி என்னைத் தேத்துது. இது பொறந்ததிலேந்து குண்ட கையால தொட்டதில்ல."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.